தொண்ணூற்றெட்டு வோல்ட்

அன்று காலை கல்லூரியின் மின்னியல் சோதனைக்கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, அவன் மகள், அவளுக்கு அங்கே பாடம் நடத்தும் என் மருமகள், கூடத்து உதவியாளர் பியூஸ். பியூஸ் என்பது மாணவர்கள் வைத்த பெயர். எது எரிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆறாவதாக ஒருவர் இருந்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

விவகாரம் இதுதான். மாணவர்கள் முதலில் வீட்டில் இணையதளத்தில் சோதனையைத் திரையில் செய்து பழக வேண்டும். பிறகு கூடத்தில் நிஜமாகச் செய்து, அளந்த எண்களைத் தளத்தில் ஏற்றினால் அதுவே மதிப்பெண் போடும். மருமகள் விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அமைத்தது. டிரான்ஸ்ஃபார்மர் சோதனையில் முப்பத்தொரு பேருக்குப் பத்துக்குப் பத்து. தம்பி மகளுக்கு மட்டும் பூஜ்யம்.

தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். மருமகள் வேண்டுமென்றே மட்டம் தட்டுகிறாள் என்று சொந்தக்காரர்கள் நாலு பேரிடம் சொல்லிவிட்டான். ஒன்று, எங்கள் வீட்டுப் பெண் மக்கு. இல்லை, எங்கள் வீட்டு மருமகள் வஞ்சகி. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. எல்லோரையும் கிளப்பிக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன்.

மருமகள் தளத்தைத் திறந்து காட்டினாள். வர வேண்டியது நூற்றுப் பதினைந்து வோல்ட். தம்பி மகள் எழுதியிருந்தது தொண்ணூற்றெட்டு.

"முப்பத்தொரு பேர் கண்ணுக்குத் தெரிஞ்சது உன் கண்ணுக்கு மட்டும் தெரியலையா?" என்று தம்பி தன் மகள் மேல் பாய்ந்தான். வந்த காரணத்தை மறந்து கட்சி மாறியிருந்தான்.

"மீட்டர்ல இருந்ததத்தான்ப்பா எழுதினேன். வேணும்னா அண்ணியே போட்டுப் பாக்கட்டும்."

அண்ணி தானே வயர்களை இணைத்து சுவிட்சைப் போட்டாள். முள் எழுந்து தொண்ணூற்றெட்டில் நின்றது. கழற்றி மறுபடி இணைத்தாள். மறுபடியும் தொண்ணூற்றெட்டு.

பியூஸ் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட பிறகு சொன்னார்: அங்கிருந்த டிரான்ஸ்ஃபார்மர் போன மாதம் எரிந்துவிட்டதாம், கிடங்கில் கிடந்த வேறொன்றை மாட்டியிருக்கிறார், அது குறைவாகத்தான் கொடுக்குமாம்.

ஏன் சொல்லவில்லை என்றாள் மருமகள்.

"யாரும் கேக்கலையே மேடம். இந்தப் பொண்ணு ஒண்ணுதான் மீட்டரத் தட்டித் தட்டிப் பாத்துச்சு."

மற்றவர்கள் திரையில் வந்த எண்ணை வீட்டிலேயே எழுதிக்கொண்டு, கூடத்தில் அரட்டை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மருமகள் முகம் சிறுத்துவிட்டது.

"மீட்டரப் பாக்காதவங்களுக்குப் பத்து போடுன்னு இந்தத் தளத்துக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் மாமா."

அங்கேயே அத்தனை மதிப்பெண்ணையும் அழித்தாள். இனி மீட்டரைப் படம் எடுத்து ஏற்ற வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரின் வரிசை எண்ணையும் எழுத வேண்டும் என்று விதியை மாற்றினாள். தம்பி தொண்டையைக் கனைத்து, அப்படியானால் தன் மகளுக்கு மட்டும் பத்து போட்டுவிடலாமே என்றான்.

"எல்லாரும் திரும்பச் செய்யறப்ப நம்ம பொண்ணும் செய்வா," என்றேன். பெண் என்னை முறைத்தாள். அன்றே தம்பி அந்த நாலு வீட்டுக்கும் போய், தான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு வந்தான். நானும் உடன் போனேன்.

இப்போது, நான் சிபாரிசு செய்து தம்பி மகளுக்குப் பத்து வாங்கிக் கொடுத்ததாக ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. அவள் வாங்கியது ஒன்பது. வரிசை எண்ணை எழுத மறந்துவிட்டாள். ஒன்றைக் குறைத்தவள் என் மருமகள்.