மேற்படி

தையல்காரி தன் ஓட்டனை, பூட்டனுக்குத் தகப்பனை, தேடிப் படியேறத் தொடங்கியதிலிருந்து, தேவாலயத்து மணிக்கூண்டில் நாளொன்றுக்கு ஒரு படி கூடியது. அதை முதலில் கண்டுபிடித்தது மணியடிப்பவரின் முழங்கால். அறுபத்து நான்கு படிகளுக்குப் பழகிய முழங்கால் அது. அறுபத்தைந்தாவதில் மடங்க மறுத்தது. அவர் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டுப் பார்த்தார். முழங்கால் சொன்னது சரி. வெளியே நின்று பார்த்தால் மணிக்கூண்டின் உயரம் ஓர் அங்குலமும் ஏறியிருக்கவில்லை.

காரணம், நில அலுவலகத்திலிருந்து வந்த ஒரு தாள். பழைய கிடங்குகளுக்குப் பின்னால் பதினோரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. நிலம் அளக்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர், இந்த ஊர்ப் பெண்ணிடம் தனக்குப் பிறந்த பிள்ளைகளின் வழியினருக்கு அந்த மனையை எழுதி வைத்துவிட்டுக் கப்பலேறியிருந்தார். தொண்ணூறு நாளைக்குள் யாராவது ஒருவர் துரையின் வாரிசு என்று நிரூபித்தால் பதினோரு வீடும் பிழைக்கும். இல்லையென்றால் இடிப்பார்கள். பூனைக்கண் இருந்ததால் அந்த வீட்டார் தையல்காரியை முன்னால் தள்ளிவிட்டார்கள். அந்தப் பதினொன்றில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளைத் தவிர அவளுக்கும், கணவன் இறந்த பிறகும் அவளை விட்டுப் போகாத நாத்தனாருக்கும் வேறு போக்கிடம் இல்லை.

பத்திரத்தில் துரையின் பெயர் இருந்த இடத்தைக் கரையான் தின்றிருந்தது. "பேரில்லாத ஆளுக்கு நான் எப்படிம்மா வாரிசுச் சான்று கொடுக்கிறது? ஞானஸ்நானப் பதிவேட்டில பார்த்துட்டு வாங்க" என்றார் நில அலுவலகக் குமாஸ்தா. பத்து நாள் புரட்டிய பிறகு பதிவேட்டில் அவளுடைய பூட்டன் கிடைத்தார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் 'மேற்படி' என்றிருந்தது. மேல் வரியில் வேறொரு குழந்தை, அதற்கும் மேற்படி. அதற்கு மேலும் அதுவே. பெயர் கொடுக்க விரும்பாத தகப்பன்களுக்கெல்லாம் அந்தக் காலத்து எழுத்தர் அந்த ஒரு சொல்லையே போட்டு, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் தலையில் சாய்த்து வைத்திருந்தார். அவள் பக்கம் பக்கமாகப் பின்னால் போய் முதல் பக்கத்தின் முதல் வரிக்கு வந்தாள். அங்கேயும் மேற்படி. அதற்கு மேலே காகிதத்தின் விளிம்பு மட்டும்.

"மேற்படின்னா மேல் படிதானேம்மா? கீழ உக்காந்து தேடினா எப்படிக் கிடைப்பாரு?" என்று மணியடிப்பவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. ஏறினாள். கடைசிப் படி சூடாக இருந்தது, இவ்வளவு நேரம் யாரோ உட்கார்ந்திருந்து எழுந்து போனது போல. தலைக்கு மேலே நில அளவைச் சங்கிலி கல்லில் இழுபடும் சத்தம். மறுநாள் ஒரு படி கூடியிருந்தது. சூடு அதற்கு மாறியிருந்தது. தினமும் அப்படியே. மணியடிப்பவர் கயிற்றை நீட்டிக் கீழே நின்றே அடிக்கப் பழகிக்கொண்டார். "சரியாத்தான் ஓட்டன்னு பேரு வச்சிருக்காங்க அண்ணி. ஓடிக்கிட்டே இருக்காரு" என்றாள் நாத்தனார்.

தொண்ணூறாம் நாள் நூற்று நாற்பத்து நான்கு படிகள். தையல்காரி மேலே பார்த்து, "பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க, வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். சங்கிலி நின்றது. அவள் தன் தகப்பன் பெயரைச் சொன்னாள், தாத்தா பெயரைச் சொன்னாள், பூட்டன் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்ததை அவர் சொல்லட்டும் என்று நிறுத்தினாள். மேலே யாரோ தொண்டையைச் செருமினார். பிறகு சங்கிலி இன்னும் சற்று மேலே போனது.

அவள் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தேடி வந்த நாத்தனார் மூச்சு வாங்கி, துணிமூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "இங்கேருந்து எழுந்திருன்னு சொல்ல யாருக்கு அண்ணி உரிமை?"

வீடுகள் இடிபட்ட வாரத்தில், கூடியிருந்த எண்பது படிகளைப் பதினோரு வீட்டாரும் ஆளுக்கு ஏழாகப் பிரித்துக்கொண்டார்கள். மிஞ்சிய மூன்று பொது. விரட்ட வந்த குமாஸ்தா மணிக்கூண்டின் வரைபடத்தை இரண்டு முறை விரித்துப் பார்த்தார். "இதுல அறுபத்து நாலு படிதான் இருக்கு. இல்லாத இடத்தை எப்படிக் காலி பண்ணச் சொல்றது?" கோப்பை மூட முகவரி வேண்டியிருந்தது. "மேற்படின்னு போடுங்க" என்றாள் நாத்தனார். அவர் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு படியும் கூடவில்லை. பதினெட்டு வருடங்களில் அங்கே ஆறு குழந்தைகள் பிறந்தன. ஒன்பது பேர் இறந்தார்கள். படிகள் குறுகலானதால் அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் கீழே இறக்க முடிந்தது. ஒன்பதாவதாக இறங்கியவள் நாத்தனார். தையல் இயந்திரத்தின் இரண்டு கால்கள் ஒரு படியிலும் மற்ற இரண்டு கட்டை வைத்து அடுத்த படியிலும் நிற்பதால், தையல்காரி தைக்கும் சட்டைகளின் ஓரம் சற்றுச் சாய்ந்தே போகும். ஊரார் அதற்குத் தோளைச் சாய்த்து நடக்கப் பழகிவிட்டார்கள். மேலே சங்கிலி இழுபடும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சத்தம் ரொம்ப நெருங்கிவிட்டால் மட்டும் தையல்காரி இயந்திரத்தைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள்.