மாடம்மாளின் நாக்கு

“ஊசி எதுக்குன்னு அவங்ககிட்ட மொதல்ல சொல்லுங்க டாக்டர். வேண்டாம்னா போடாதீங்க.”

பூமாரி கேட்டேவிட்டாள். டாக்டரிடம் எதையும் கேட்கக் கூடாது என்பதுதான், அந்தத் தனியார் மனநல ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் கைலாஷ் அவளுக்கு விதித்த முதல் கட்டளை.

கிழக்கு வெளுக்குமுன் மூத்திரம் நனைத்த விரிப்புகளை உருவி, பினாயில் விட்டுத் தரையைத் தேய்த்ததில் அவள் முதுகு கழன்றிருந்தது. அடுத்த வேலை, ஊசிக்கு ஆள் பிடிப்பது. கூட வேலைசெய்யும் எலிசாள் கால்களை அமுக்குவாள், ஷிஜா தோள்களை. பூமாரி பேச வேண்டும். வீட்டில் முதன்முதலாக பி.ஏ. முடித்தவளை அதற்குத்தான் எடுத்தார்கள்: தென்காசிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குக் கட்டட வேலைக்கு வந்து, இங்கே அடைபட்டுக் கிடப்பவர்களின் தலையைத் தடவி, ஊர்ப்பேச்சில் ‘யக்கா, ஒண்ணுமில்லக்கா’ என்று சொல்ல. அந்தக் குரலுக்கு உடம்பு இளகும். இளகியதும் ஊசி இறங்கும்.

இப்போது யாராவது ‘யக்கா’ என்றாலே, இன்று ஊசிக்குக் குறித்திருக்கும் மாடம்மாள் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறாள். வீட்டில் தங்கச்சியைக் கொஞ்சப் போனாலும் பூமாரியின் தொண்டையில் அந்தக் குரல்தான் வருகிறது. தன் குரலுக்குத் தானே நடுங்குகிறாள்.

கூட வேலைசெய்தவன் சாரத்திலிருந்து விழுந்து செத்ததைக் கண்ணால் கண்டவள் மாடம்மாள். தூக்கம் போயிற்று. “இடுப்புல கயிறு கட்டலியே, கயிறு கட்டலியே” என்று கண்டவரிடமெல்லாம் கத்தினாள். காண்ட்ராக்டரே கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனான். நாளை லேபர் ஆபீசர் அந்தச் சாவைப் பற்றி அவளை விசாரிக்க வருகிறார். இந்த ஊசி இறங்கினால் இரண்டு நாளைக்கு அவளுக்கு நாக்குப் புரளாது.

“எனக்குத் தூக்கம் வேணும் டாக்டரே, இல்லேங்கல,” கட்டிலடியிலிருந்து மாடம்மாள் சொன்னாள். “மாத்திர தாங்க, முழுங்குதேன். நாக்கக் கட்டுத ஊசி வேண்டாம்.”

டாக்டர் மேனேஜரைப் பார்த்தார்.

“எந்தா பூமாரி, நீ வக்கீலா?” என்றான் கைலாஷ்.

“அவங்க தெளிவாச் சொல்றாங்க சாரே. சம்மதமில்லாமப் போடணும்னா சட்டத்துல அதுக்கொரு மொற இருக்கு. காண்ட்ராக்டர் சொன்னதெல்லாம் மொறையாகுமா?”

“பிராந்துக்காரிக்கு என்ன சம்மதம்?”

“பைத்தியம்னே வையுங்க. நாக்கு அவங்களோடதுதானே?”

“சட்டம் பேசற கொச்சுப்பொண்ணு கக்கூஸ் கழுவுது!” கைலாஷ் சிரித்தான். “எலிசா, காலப் பிடி.”

எலிசாள் தன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

“மாட்டேன் சாரே. உறக்கத்துலயும் ஒவ்வொருத்தி காலும் எனக்க கைக்குள்ள கெடந்து துடிக்குது.”

ஷிஜாவும் விலகி நின்றாள். பக்கத்து வார்டைக் கூட்டும் பெண்கள் துடைப்பத்தோடு வாசலை அடைத்தார்கள்.

“எல்லாரும் வீட்டுக்குப் போங்க! நாளைக்கு வேற ஆளு வரும்,” என்றான் கைலாஷ்.

“வரட்டும். கேட்டுல நின்னு அவளுகட்டயும் சொல்லுவோம்,” என்றாள் ஷிஜா.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். தூக்கி எறியவில்லை.

பூமாரி தரையில் குனிந்தாள். அக்கா என்று கூப்பிட வாய் கூசியது.

“மாடம்மா, சட்டப்படி உங்களுக்காகப் பேச ஒரு ஆள நீங்களே சொல்லலாம். யாரச் சொல்லுதிய?”

இருட்டுக்குள் இரண்டு கண்கள் அவளை அளந்தன.

“ஒன்னத்தான். ஒங் கொரல நம்பியில்ல. இன்னிக்கு நீ கேட்டதக் கேட்டு.”

பூமாரி எழுந்தாள். “எலிசா சேச்சி, நான் வர்றது வர யாரையும் கிட்ட விடாதீங்க.”

“நாங்க கட்டிலச் சுத்தித்தான் இருப்போம். நீ போ பிள்ளே.”

“கேட்டத் தாண்டினா திரும்ப வர வேண்டா!” கைலாஷின் கத்தல் வராந்தா முழுக்கத் துரத்தி வந்தது.

வஞ்சியூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி ஆபீஸ் திறக்க இன்னும் நேரம் கிடந்தது. மாடம்மாளுக்காக மனுக் கொடுக்க, திறக்கும்வரை அதன் வாசலிலேயே நிற்பது என்று முடிவு செய்துதான் பூமாரி கேட்டைத் தாண்டினாள்.