இடுப்புப் பெட்டி

அமரவிளைச் செக்போஸ்டில் சுமடு எடுக்கிறவர்களுக்குள் அந்த மழைக்காலத்தில் ஒரு தர்க்கம் கிடந்து புகைந்தது. லாரி புரோக்கர் சோமன் கொண்டுவந்த தகரப் பெட்டி சுமையா, சுமை இல்லையா?

பார்க்க ஒன்றுமில்லை, பவுடர் டப்பா பருமன்தான். உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு காந்தம், சுற்றிலும் செம்புக்கம்பி. இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவன் நடந்தால் காந்தம் மேலும் கீழும் குதிக்கும். குதிக்கக் குதிக்கக் கொஞ்சம் கரண்ட் ஊறும். பக்கத்தில் ஒரு உறையில் சோமனின் மொபைல் கிடக்கும். கரண்ட் வயர் வழியாக அதற்குள் போகும். சோமனின் மச்சினன் சுதீஷ் தனுவச்சபுரத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன். அவன் செய்து கொடுத்தது. பழசாக வாங்கிய மொபைல். பேட்டரி மத்தியானத்துக்குள் தளர்ந்துவிடும். டீக்கடையில் சார்ஜுக்கு வைக்கலாம் என்றால் பாதி நேரம் கரண்ட் இருக்காது.

"நாள் முழுக்க நடக்கியது நீங்க. அந்த நடை வெறுதே மண்ணுக்குப் போவுது. அதை எனக்குத் தந்தா என்ன?" என்று கேட்டான் சோமன்.

முதலில் கட்டிக்கொண்டவர் அருமநாயகம். கேட்டதும் இடுப்பைக் காட்டினார். அவருக்கு அப்போது எதைக் கட்டினாலும் ஒன்றுதான். மனைவி பங்கஜாட்சி நெஞ்சுவலியில் போய் இரண்டு மாதம் ஆகவில்லை. ஆள் எழுந்தார், சுமந்தார், கஞ்சி குடித்தார், படுத்தார். அழவில்லை. சிமெண்ட் மூட்டை ஏறி ஏறித் தோள் மரத்துப்போகும் அல்லவா, அதுபோல உள்ளே எங்கேயோ மரத்துக் கிடந்தது. அவரும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கப் போகவில்லை.

"எலே, கரண்ட் ஆபீசு நடந்து வருது, வழி விடுங்கலே!" என்று லாரிக்கு மேலிருந்து ஒருவன் கத்தினான்.

"அண்ணே, எனக்க வீட்டுக்கும் ஒரு கம்பி இழுத்துத் தாரும். அப்ளிகேஷன் போட்டு வருஷம் மூணாச்சு" என்றான் இன்னொருவன்.

அருமநாயகம் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. யூனியன் கன்வீனர் சுவாமிதாசுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒரு ஆளு ஒரே நேரம் ரெண்டு சுமடு எடுக்கப்பிடாது. பெட்டி சுமடு ஆக்கும்" என்றார்.

"கையில அடங்குத சாதனம் எப்படி வே சுமடாவும்?" என்றான் சோமன்.

"கெட்டிட்டு அரிசிச்சாக்கோட நடந்து பாரும். பெறவு வந்து சொல்லும்."

கூட்டம் போட்டு, கை தூக்கி, பெட்டி சுமைதான் என்று தீர்மானம் ஆயிற்று. சுமை என்றால் முறை வைத்துத்தான் எடுக்க வேண்டும், கூலி பொதுவில் சேர வேண்டும். சோமன் முனகிக்கொண்டே சம்மதித்தான். அருமநாயகம் அவிழ்த்துக் கொடுத்தார். கட்டும்போது இருந்த முகமேதான் அவிழ்க்கும்போதும்.

அவருடைய ஒரே மகள் பிரேமகுமாரி குவைத்தில் ஓர் அரபி வீட்டில் வேலைக்கு நின்றாள். அந்த வீட்டார் இடம் மாறிப் போனதில் கடிதம் போய்ச் சேரவில்லை. அம்மா இறந்தது அவளுக்குத் தெரியாது. அடுத்த வீட்டு லேகா அங்கே நர்ஸ். லீவில் வந்தவள், திரும்பப் போகிறபோது அருமநாயகத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்:

"நான் தேடிப் பிடிப்பேன் மாமா. ஆனா அத எனக்க வாயால சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும். நம்பர் எதாவது தாருங்கோ."

சோமனின் நம்பரைக் கொடுத்தார். லேகா சொன்னபடி செய்தாள். அவள் அம்மாவுக்கு வந்த கடிதத்தில் சேதி இருந்தது: வரும் வெள்ளிக்கிழமை, மத்தியானம் உச்சை திரிந்து, அரபி வீட்டார் உறங்குகிற நேரம் பார்த்துப் பிரேமா போனில் விளிப்பாள். மறுநாள் அந்த வீட்டார் அவளையும் கூட்டிக்கொண்டு வேறு தேசம் போகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும். பிறகு போன் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை ஹர்த்தால் வந்து விழுந்தது; வண்டி ஓடாது, வேலை கிடையாது. போதாததற்கு முந்தின ராத்திரி இடியில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. ஹர்த்தால் அன்று எந்த லைன்மேன் வருவான்? காலையில் அருமநாயகம் போய்ப் பார்க்கும்போது சோமனின் மொபைல் முகம் கறுத்துக் கிடந்தது. அதை வாங்கிப் பெட்டியோடு இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார்.

நேஷனல் ஹைவே கழுவிவிட்ட முற்றம் மாதிரி இருந்தது. ஒரு சைக்கிள்கூட இல்லை. முக்கில் கொடியைச் சாத்திவைத்துவிட்டு யூனியன்காரர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சுவாமிதாஸ் சீட்டைக் கவிழ்த்தார்.

"அண்ணே, இன்னைக்குச் சுமடு எடுக்கப்பிடாது."

"நடக்கேன்."

"பெட்டி சுமடுன்னு நம்மதானே தீர்மானிச்சோம்? நம்ம ஆளே ஹர்த்தாலப் பொளிச்சா நாளைக்கு எவன் நம்ம பேச்சக் கேப்பான்?"

"பிரேமா விளிப்பா."

"அவளுக்கு இன்னும் தெரியாதா?"

அருமநாயகம் இல்லையென்று தலையாட்டினார். சுவாமிதாஸ் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"யூனியன் நீலச் சட்டையக் களத்தும். சட்டை போட்டு நடந்தா தொழிலாளி. சட்டை இல்லாம நடந்தா ஏதோ ஒரு மனுசன் நடக்கான். அதைத் தடுக்க நமக்கு அதிகாரம் இல்ல."

"கன்வீனரே, இடுப்புல கெட்டுன முண்டையும் களத்தச் சொல்லிராதேயும்" என்றான் சீட்டுக்காரன் ஒருவன்.

அருமநாயகம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நெய்யாற்றின்கரைப் பக்கம் நடந்தார். சுமை இல்லாத நடையில் காந்தம் சோம்பிப்போய்த்தான் ஆடியது. குதிகாலை ஊன்றி ஊன்றிக் குதித்தபடி நடந்தார். பாலம் வரை போய்த் திரும்பினார். மறுபடி போனார். மழை தூறியது, நின்றது, திரும்பவும் தூறியது. முழங்கால் விட்டுப்போன பிறகும் நடந்தார். கால் யாருடையதோ போலிருந்தது. ஒரு தரம் முக்குக்கு வந்தபோது தடுமாறினார். ஒருவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்து, கேட்காமலே அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான்.

"இரியும் அண்ணே. முறை எனக்காக்கும்."

அவன் ஓடினான். வந்ததும் அடுத்தவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். அருமநாயகம் கல்லில் உட்கார்ந்து பார்த்தார். நன்றி என்று ஏதும் தோன்றவில்லை. அவர்கள் ஓடினார்கள், அவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

சோமனும் சுதீஷும் மத்தியானம் வந்தார்கள். சுதீஷ் மொபைலை எடுத்துப் பார்த்தான்.

"உயிர் வந்திருக்கு. ஆனா ரொம்பக் கொஞ்சம். ரெண்டு நிமிஷம் பேசினாப் பெரிசு."

"எடுத்த உடனே சொல்லிராதேயும்" என்றான் சோமன். "மொதல்ல சொகமான்னு கேளும். அம்மைக்கு சொகமில்ல, ஆஸ்பத்திரியில கெடக்கான்னு சொல்லும். பெறவு பையப்பைய..."

அருமநாயகம் பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி நடந்தார். சோமன் கூடவே வந்தான். செக்போஸ்டைத் தாண்டும்போது இடுப்பில் மணி அடித்தது. சோமன்தான் பொத்தானை அமுக்கிக் காதில் வைத்துவிட்டான்.

"அப்பா? அப்பா, கேக்குதா?"

"கேக்குது மக்கா."

"சொகமா இருக்கியளா? அம்மைட்ட குடுங்கோ."

பையப்பையச் சொல்ல அதற்குள் கரண்ட் இல்லை.

"அம்மை மரிச்சுப் போனா மக்கா. நெஞ்சுவலி. எடவமாசத்துல. அடக்கம் எல்லாம் முடிஞ்சாச்சு."

மறுபக்கம் சத்தம் கேட்டது. அரபி வீட்டார் எழுந்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. இடையில் அம்மா, அம்மா என்று மட்டும் வந்தது. சோமன் முன்னால் வந்து நின்று கையாட்டினான்: ஏதாவது சொல்லும், சமாதானம் சொல்லும். அருமநாயகம் சொல்லவில்லை. மொபைலைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். வீட்டில் அவரும் பங்கஜாட்சியும்தான். அவள் போன பிறகு அந்த வீட்டில் யாரும் அழுது அவர் கேட்கவில்லை.

ஒரு பீப் சத்தம். இன்னொன்று. மொபைல் இருண்டது.

கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார். சீட்டாட்டத்தை விட்டு எல்லாரும் வந்துவிட்டிருந்தார்கள்.

"சொன்னீரா?" என்று கேட்டார் சுவாமிதாஸ்.

"சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"அழுதா."

சோமன் மொபைலுக்குக் கை நீட்டினான்.

"போதும் அண்ணே. சொல்லிட்டீரு இல்லியா. வீட்டுக்குப் போயிப் படும்."

"அந்த வீட்டுக்காரங்க எழும்ப இன்னும் நேரம் உண்டு" என்றார் அருமநாயகம். "பிள்ளை திரும்ப விளிச்சுப் பாப்பா."

மொபைலை உறைக்குள் போட்டார். இடுப்புக் கயிற்றை இழுத்து முடிந்துகொண்டு, குதிகாலை ஊன்றிப் பாலத்தைப் பார்த்து நடந்தார்.