இரண்டு தடவை அமுக்கணும்

அற்புதராணியை எனக்குப் பார்த்த முதல் நாளே பிடிக்கவில்லை. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை என்பது அதைவிட எரிச்சலாக இருந்தது.

என் வீட்டுக்காரர் நேசையன் துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரி வார்டில் கிடந்தார். 2008, ரமலானுக்கு முந்தைய மாதம். பர் துபாயிலிருந்து இரண்டு பஸ் மாறி வியர்க்க விறுவிறுக்க நான் போய் நின்றால், அங்கே நர்ஸ் அற்புதராணி தலையணையைச் சரிசெய்தபடி அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் குளச்சல் பக்கம். நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொல்லாத ஊர்க்கதையெல்லாம் அவளிடம் ஒரே நாளில் சொல்லி முடித்துவிட்டார்.

"மைனி வந்தாச்சா? வாங்க, இருங்க" என்றாள். நான் யாருக்கு மைனி? அவரை அண்ணன் என்று கூப்பிட்டால் நான் மைனியாகிவிடுவேனாம். உறவை அவளே முடிவுசெய்துகொண்டாள்.

மறுநாள் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்திருக்கிறாள். நான் விடியலில் எழுந்து செய்த இடியாப்பம் டப்பாவுக்குள்ளேயே காய்ந்து போனது. "இந்த ருசி நாக்குல பட்டு எத்தனை வருசமாச்சு" என்று இவர் வேறு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நான் என் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கருவி. ஏ.டி.எம். கார்டு அளவில் வெள்ளையாக இருக்கும். அவருடைய மேல்கையில் ஒட்டியிருந்தார்கள். அந்த வருஷம் புதிதாக வந்ததாம். வலி வந்தால் அதிலிருக்கும் பட்டனை அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்க வேண்டும். பீப் என்று சத்தம் வரும். ஊசியில்லாமலே தோல் வழியாக மருந்து உள்ளே போகும், பத்து நிமிஷம். அதற்குள் மறுபடி அமுக்கினால் வேலை செய்யாது. எத்தனை டோஸ் போயிற்று என்பதை ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக் காட்டும்.

"மைனி, நல்லா கேட்டுக்கிடுங்க" என்றாள் அற்புதராணி. "இந்தப் பட்டன அண்ணன் மட்டுந்தான் அமுக்கணும். நானும் அமுக்கப்படாது, நீங்களும் அமுக்கப்படாது. மருந்து கூடிப்போச்சுன்னா ஆளு உறங்கிரும், கை தன்னால நின்னுரும். அந்த உறக்கந்தான் இதுக்குக் காவலு. வேற ஆளு அமுக்குனா மூச்சே நின்னுரும், கேட்டியளா?"

கேட்டேன். ஆனால் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். நீ தொடாதே. ஒட்டியவள் அவள், எண்ணி எழுதுகிறவள் அவள், என் புருஷனின் வலிக்கு நான் ஒன்றும் செய்யக் கூடாது. வீட்டில் அவருக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்ப்பது என் கை. கால் குடைகிறது என்றால் பிடித்துவிடுவது என் கை. 'உன் கை பட்டாலே போதும்ட்டி' என்று சொன்ன மனிதர் இப்போது ஒரு பட்டனைத் தடவிக்கொண்டு கிடக்கிறார்.

மூன்றாம் நாள் நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியது. அற்புதராணி வந்து, பதினோரு டோஸ் என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்திலேயே முகம் சுளித்தது. கருவியின் ஒரு ஓரம் தோலைவிட்டு லேசாக எழும்பியிருந்தது. விரலால் நீவி ஒட்டினேன். அப்படியே பட்டனை இரண்டு தடவை அமுக்கினேன்.

பீப்.

சுளித்த முகம் கொஞ்ச நேரத்தில் இளகியது. எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! நான் கொடுத்த நிம்மதி அது. அவளல்ல, நான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஐந்தே முக்காலுக்குள் பத்து தடவை ஆகியிருந்தது.

அப்போதுதான் அவருடைய உதட்டைப் பார்த்தேன். நிறம் மாறியிருந்தது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காக நான் காத்திருந்தேன். அது வரவில்லை.

நான் போட்ட சத்தத்தில் அற்புதராணி ஓடிவந்தாள். கையுறையை மாட்டி, கருவியைப் பிடுங்கித் தட்டில் போட்டு, முகத்தில் ஆக்சிஜன் வைத்து, "நேசையண்ணே, மூச்ச இழுங்க!" என்று தோளை உலுக்கினாள். வார்டின் எகிப்து டாக்டர் வந்து, அந்த மருந்தை முறிக்கிற ஊசி போட்டார். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூச்சு திரும்பியது. கூடவே வலியும் மொத்தமாகத் திரும்பியது. முனகிக்கொண்டே கண் திறந்தார்.

டாக்டர் கருவியின் விளக்கு சிமிட்டுவதை எண்ணினார். அவள் எழுதிவைத்ததைப் பார்த்தார். முகம் சிவந்துபோய் அற்புதராணியிடம் திரும்பினார். தூங்குகிற நோயாளி அதற்குப் பிறகு பத்து டோஸ் எப்படி எடுப்பான், நீதானே அமுக்கினாய் என்று ஆங்கிலத்தில் கத்தினார். போலீஸ் என்றார், லைசென்ஸ் போய்விடும் என்றார். அவள் "நோ டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

நான் வாய் திறக்கவில்லை. போகட்டும், ஊருக்கே போய்த் தொலையட்டும் என்று ஒரு நிமிஷம், ஒரு முழு நிமிஷம், நினைத்தேன்.

அப்போது அவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கினார். "ஐ பிரெஸ், டாக்டர்" என்றார். "பெயின். ஐ பிரெஸ்."

பச்சைப் பொய். மூச்சுவிடவே முடியாத மனிதர் அவளுக்காகப் பொய் சொல்கிறார்! எனக்குக் கண்மண் தெரியவில்லை.

"அவளக் காப்பாத்த நீங்க ஒண்ணும் பொய் சொல்லாண்டாம்!" என்று கத்தினேன். "நான்தான் அமுக்குனேன். பத்துத் தடவயும் நான்தான்!"

டாக்டர் அற்புதராணியைப் பார்த்தார். அவளுக்குத் தமிழ் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. அவள் தலைகுனிந்து நின்றாள், மொழிபெயர்க்கவில்லை. நானே என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "ஐ பிரெஸ்" என்றேன்.

கட்டிலிலிருந்து அவர் என்னையே பார்த்தார்.

"பைத்தியக்காரி" என்றார். "அவளுக்காகவா சொன்னேன்? உறக்கத்துல பீப் சத்தங் கேட்டுது. கூடவே உனக்க வளையல் சத்தமும் கேட்டுது. தெரிஞ்சா உன்ன உள்ள விடமாட்டானுவ பிள்ளே. நீ வரல்லன்னா நான் எப்படி இங்க கிடப்பேன்?"

என்ன செய்வதென்று தெரியாமல், ஏதாவது உதவி செய்வோமென்று தட்டிலிருந்த கருவியை எடுக்கக் கை நீட்டினேன். அற்புதராணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க மைனி. கழத்திப் போட்டாலும் உள்ள மருந்து கிடக்கு. இதுக்க அடில உள்ள கூழு தோலுல பட்டாலே போதும், மருந்து ஏறிரும். முன்ன எங்கயாவது தொட்டியளா?"

ஓரத்தை நீவியதைச் சொன்னேன். என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், வெறும் தண்ணீரில் ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டாள். சோப்பு எடுக்கப் போனபோது தடுத்தாள். சோப்பு போட்டால் மருந்து இன்னும் வேகமாகத் தோலுக்குள் இறங்குமாம். "மன்னிச்சுக்கோம்மா" என்றேன். அவள் தண்ணீரை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

பிறகு புதுக் கையுறை மாட்டி, கருவியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். கூழிருந்த அடிப்பாகத்தைத் தனியே உரித்து, ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, பூட்டிய பெட்டிக்குள் போட்டாள். இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் வாசலில் என்னைத் தடுத்தார்கள். அற்புதராணிதான் டாக்டரிடம் பேசி உள்ளே விடச் செய்தாள். அவருடைய மறுகையில் புதுக் கருவி இருந்தது. நான் உட்கார்ந்ததும் என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். பாசத்தினாலா, பட்டனுக்குப் பயந்தா என்று நான் கேட்கவில்லை.

வலி வந்தபோது என் கையை விட்டுவிட்டு, அவரே இரண்டு தடவை அமுக்கினார். பீப் சத்தம் வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டே மெத்தைமேல் என் கையைத் தேடினார்.