அறுபத்து மூன்றாவது கழுத்து

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குக் காரணம் மழை. தொண்ணூற்றைந்து நவம்பரில் லஸ் முனை நடைபாதைக் கடையில் தடித்த உடற்கூறு புத்தகம் ஒன்று வாங்கினேன். காதல் கதை எழுத உத்தேசம். இதயத்தைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொண்டால் நல்லதென்று பட்டது. வீட்டுக்கு வருவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. உலர்ந்த பிறகு பார்த்தால் பக்கமெல்லாம் அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிந்தது கழுத்து மட்டும்தான். இதயம் இன்றுவரை பிரியவில்லை.

ஆகவே கழுத்து. என் கதைகளைக் கழுத்தறுப்பு என்று சொல்லித் திரியும் நண்பர்கள் இப்போதே சிரித்துத் தொலைக்கலாம்.

2

தொடக்கம் ஒன்று: 'தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளையை ஒட்டி, பட்டாம்பூச்சி வடிவில்…' (வேண்டாம். பரீட்சை வாசனை.)

தொடக்கம் இரண்டு: 'ஸஹானாவின் சங்குக் கழுத்தில் மாலை வெயில் வழுக்கி…' (சீ.)

தொடக்கம் மூன்று: மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், ஸஹானா என்ற இருபத்தாறு வயதுப் பெண், ரவிக்கையின் கழுத்தை ஏற்றித் தைத்துக்கொண்டு, நாலாவது முறையாகப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகக் காத்திருந்தாள்.

இது நிற்கும் என்று நினைக்கிறேன்.

ஏற்றித் தைத்தது எதற்கென்றால், அவளுக்குக் குரல்வளையை ஒட்டி, நடுவிலிருந்து சற்று இடதுபுறமாக, புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. வலி கிடையாது. வீட்டில் அதற்குப் பெயரும் கிடையாது. 'அது' என்பார்கள். அது தெரிகிறதா, அதை மறைத்துக்கொண்டாயா, அவ்வளவுதான் பேச்சு. முன்னால் வந்த மூன்று வரன்களும் அதைப் பார்த்தார்கள், அடுத்து மின்விசிறியைப் பார்த்தார்கள், பிறகு ஜாதகம் சேரவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஆழ்வார்பேட்டையில் நாற்பது பேருக்கு நிமிர்ந்து நின்று கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவள், காபித் தட்டோடு ஹாலுக்கு வரும்போது மட்டும் குனிந்துகொள்வாள். இந்த முறையும் எவனாவது மின்விசிறியைப் பார்த்தால், இனி யார் முன்னாலும் வந்து நிற்பதில்லை என்று தீர்மானம் செய்திருந்தாள்.

3

வந்தவன் பத்ரிநாராயணன். ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லித்தருகிறவன். மனிதக் கழுத்து ஆளுக்கு ஆள் எப்படியெல்லாம் வேறுபடுகிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பவன். (இப்படி ஒருத்தன் இருப்பானா என்று எனக்கே சந்தேகம். முதல் பிரதியில் பாங்க் ஆபீசராக வைத்திருந்தேன். கழுத்தை உற்றுப் பார்க்க அவனுக்கு முகாந்திரமே இல்லாததால் வேலையை மாற்றிவிட்டேன். அவன் அம்மாவுக்கு இதில் வருத்தம்தான்.)

பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். ஸஹானா சுருதி பிடித்தாள். பத்ரி கையில் வாழைக்காய் பஜ்ஜியோடு அப்படியே முன்னால் சாய்ந்தான். மின்விசிறிப் பக்கம் திரும்பவே இல்லை.

"பாட்டு இருக்கட்டும். கொஞ்சம் தீர்த்தம் முழுங்குங்கோ."

முழுங்கினாள். அது ஏறி இறங்கியது.

"இப்போ நாக்கை நீட்டுங்கோ."

டாக்டர் சொன்னால் யாராக இருந்தாலும் நீட்டிவிடுவோம், பழக்க தோஷம். ஸஹானாவும் பட்டுப்புடவையில், கையில் தீர்த்த டம்ளரோடு, சபை நடுவே நாக்கை நீட்டினாள். பத்ரியின் அம்மா சொஜ்ஜியை மடியில் கொட்டிக்கொண்டாள். அது அசையவில்லை. அசையாததில் பத்ரிக்கு ஏக சந்தோஷம்.*

"உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லை. இதுவரைக்கும் அறுபத்திரண்டு பேரைப் பார்த்தாச்சு."

பெண் பார்க்க வந்த ஹாலில் 'பார்த்தாச்சு' என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். ஸஹானாவின் அப்பா எழுந்தார். அறுபத்திரண்டு பெண்களையா பார்த்திருக்கிறான் என்று பொதுவாகக் கேட்டார். பெண்கள் மட்டுமில்லை, புருஷாளும் உண்டு என்று பத்ரி திருத்தினான். அப்பா மறுபடி உட்கார்ந்தார். எல்லாரும் காலமானவர்கள் என்று அவன் விளக்கியதும் மறுபடி எழுந்தார்.

மயிலாப்பூரில் அறுபத்து மூன்று என்றால் பங்குனியில் வீதியுலா வருகிற நாயன்மார்கள். தன் பெண்ணைச் சவக்கிடங்கு வரிசையில் அறுபத்து மூன்றாவதாகச் சேர்க்க அவர் தயாராக இல்லை. வந்தவர்களின் செருப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று மரியாதையாகவே காட்டினார்.

* என் டாக்டர் நண்பர் ஷஃபியுல்லா இந்த இடத்தில் பிரதியை மூடிவைத்துவிட்டார். சோபாவில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிற விஷயமா இது, தொட்டுப் பார்த்தாலே சந்தேகம்தான், ஸ்கேன் வேண்டும் என்றார். அந்த ஹாலில் வெளிச்சம் ஜாஸ்தி என்று சமாளித்தேன்.

4

'ஸஹானா உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு…'

ஓடவில்லை. நான் எழுதிப் பார்த்தேன், அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவரோடு ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனாள். கீழே பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பத்ரி பஜ்ஜியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு விளக்கினான்.

தைராய்டுக்கு இரண்டு மடல், நடுவே ஒரு பாலம். ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாலத்திலிருந்து கோபுரம் மாதிரி மூன்றாவதாக ஒரு மடல் மேலே எழும்பியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. சிலருக்கு அந்தக் கோபுரத்தை மேலே எலும்போடு இழுத்துக் கட்ட ஒல்லியாய் ஒரு தசையும் உண்டு. சிலருக்குப் பாலமே கிடையாது. புத்தகத்தில் போட்டிருக்கிற கழுத்து அச்சு அசலாக யாருக்கும் அமைவதில்லை என்றான். நாக்கை நீட்டும்போது மேலே ஏறியிருந்தால் நீர்க்கட்டி, அசையாததால் அவளுக்கு இருப்பதும் அப்படியொரு கோபுரமாகத்தான் இருக்க வேண்டும், வியாதி என்று தோன்றவில்லை, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றான்.

பதினொரு வருஷமாக அதைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. ஸஹானாவுக்கு நிம்மதியாக இருந்தது, அழ வேண்டும்போல இருந்தது, கோபமும் வந்தது. கோபத்தில்தான் கேட்டாள்.

"இது இல்லேன்னா என்னைப் பார்த்திருப்பேளா?"

(பத்ரி பொய் சொல்லத் தெரியாதவன். நான்தான் அப்படி எழுதித் தொலைத்தேன்.)

"மாட்டேன். பஜ்ஜியைத்தான் பார்த்துண்டிருந்திருப்பேன். இப்போ பார்த்துட்டேனே. எனக்குச் சம்மதம். நீங்கதான் சொல்லணும்."

5

முடிவு அ: ஸஹானா வெட்கத்தோடு சிரித்தாள். கெட்டிமேளம். (பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: பஜ்ஜியைப் பிடுங்கிக் காக்காய்க்குப் போட்டுவிட்டு, "நான் என்ன உங்க கண்காட்சி…"

இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் திரும்பினாள். பத்ரி பக்கம் இல்லை, என் பக்கம்.

"நீங்களும் கழுத்துக்காகத்தானே என்னை எழுத ஆரம்பிச்சேள்?"

ஏதேதோ சொல்லி மழுப்பினேன். அவள் விடவில்லை. ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். பத்ரியாவது நேரே பார்த்துச் சொன்னான்.

பிரதியை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். கழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணவே கூச்சமாக இருந்தது. ரவிக்கை வந்துவிட்டது. நாக்குகூட வந்துவிட்டது. முகம் ஓர் இடத்திலும் இல்லை. அவள் எப்படி இருப்பாள் என்று நான் எழுதவில்லை, பத்ரிக்குப் பார்க்கத் தோன்றவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், நீங்களும் கேட்கவில்லை.

உள்ளேயிருந்து அவள் அம்மா குரல் கொடுக்கிறாள், வந்தவர்களுக்கு என்ன சொல்லட்டும் என்று.

இனிமேல் இதை நான் எழுதுவது நியாயமில்லை. பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் பதில் அப்புறம் வரட்டும். முதலில் அவள் முகத்தை எழுதுங்கள்.