பன்னிரண்டாம் ரீல்

பாலசமுத்திரம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்த எனக்கு, ஒரு படம் ஏன் சாகாமல் கிடக்கிறது என்று தெரியும். பழனியிலிருந்து வரும் காலேஜ் பையன்கள் அதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். டைரக்டர் மேதை என்று ஒருவன் பத்திரிகைக்கே எழுதிப் போட்டான். மேதையாவது மண்ணாங்கட்டியாவது! அது நான் செய்த தப்பு.

1978 ஐப்பசியில் அந்தப் பெட்டி வந்தது. ‘முகில்மலை மாலதி’. போன ஊரிலெல்லாம் மூன்றே நாளில் சுருண்ட படம். முதலாளி இராமலிங்கம் மலிவாகக் கிடைத்ததென்று எடுத்துவந்தார். பஸ் கூரையில் மழையில் நனைந்து, டப்பாக்களில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டெல்லாம் உரிந்துபோயிருந்தது. ரீல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நானே வரிசையாக அடுக்கினேன். பதினோராம் ரீலில் மாலதியின் குழந்தை காய்ச்சலில் சாகிறது. பன்னிரண்டில், அந்தக் குழந்தையைக் கைப்பிடித்துக் கொடைக்கானல் பனியில் நடந்த நாளை அவள் நினைத்துப் பார்க்கிறாள். கடைசியான பதிமூன்றில் வட்டக்கானல் பக்கத்துப் பாறையிலிருந்து குதித்துவிடுகிறாள். அந்த ரீலின் வால் எப்போதோ அறுந்துபோனதால் படம் முடிந்ததைச் சொல்லும் ‘வணக்கம்’ கூடக் கிடையாது.

எங்கள் மகள் லீமாவும் காய்ச்சலில்தான் போனாள். ஆறு வயசு. அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பதினோராம் ரீல் ஓடும்போது திரையைப் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணைத் துடைத்த கையோடு அடுத்த டப்பாவை எடுத்து மாட்டினேன். அது பதிமூன்று.

எங்களிடம் ஒரே மெஷின். ரீலுக்கு ரீல் நிறுத்தி, விளக்கைப் போட்டுத்தான் மாற்ற வேண்டும். மாலதி குதித்தாள். விளக்கு எரிந்தது. சனம் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தது. ஒரு டப்பா மிச்சம் கிடப்பதை அப்போதுதான் பார்த்தேன். வந்தது வரட்டும் என்று அதையும் மாட்டினேன். குதித்தவள், செத்த குழந்தையைக் கைப்பிடித்துக்கொண்டு, பனிக்குள்ளிருந்து சிரித்தபடி நடந்து வந்தாள். எழுந்தவர்கள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் கொட்டகை கொள்ளவில்லை.

“ஏலே ஞானமுத்து, அந்த ரீலு அப்பிடியே கெடக்கட்டும். சரி பண்றேன்னு கைய வச்ச, ஒஞ்சோலி முடிஞ்சுது” என்றார் முதலாளி. எனக்கும் வெட்கம். இருபது வருஷ ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டான் என்றால் ஊர் சிரிக்காதா? வீட்டில்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன்.

படம் மூன்று மாதம் ஓடியது. ஆடலூரிலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள். வசனத்தை நடிகைக்கு முந்தி அவர்களே சொன்னார்கள். அவள் குதித்த பிறகு விளக்கு எரியும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் யாரும் பீடி பற்றவைப்பதில்லை, முறுக்குக்காரன் கூவுவதில்லை. ஒருவர் ஆரம்பிப்பார், கொட்டகையே கூப்பிடும்: “வா மாலதி! பிள்ளையக் கூட்டிட்டு வா!”

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அந்தக் கூச்சலில் என் மனைவி அடைக்கலமேரியின் குரலைக் கேட்ட அன்றைக்குச் சிரிப்பு நின்றுபோனது. தினமும் வந்தாள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் அதே இடம். வீட்டில் அழுவதை நிறுத்தியிருந்தாள், தலை சீவினாள், சாப்பிட்டாள். தேறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்ட மடையன் நான்.

ஒருநாள் காலையில் கேட்டாள்.

“ஏங்க, அந்தப் பாறை எங்கூருப் பாறைதான? சின்னப்பிள்ளையில அங்கன வெறகு பொறுக்கியிருக்கேன்.”

“அதுக்கென்ன இப்ப?”

“அவ குதிச்சா. பிள்ள கெடச்சிருச்சு.”

“ஏ கிறுக்கி, அது சினிமா.”

“சினிமாதாங்க. அவளக் கூப்பிட அத்தன பேரு இருக்காக. எனக்கு யாரு இருக்கா? நீங்க கூப்பிடுவீங்களா?”

ரீல் மாறிப்போச்சு, அவ்வளவுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. பாழாய்ப்போன வெட்கம். “போயி சோலியப் பாரு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பகல் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. வேலை போனால் போகட்டும், சாயங்கால ஆட்டத்தில் ரீல்களை வரிசைப்படியே ஓட்டுவதென்று முடிவு செய்தேன். குதித்தவள் திரும்பி வருவதில்லை என்பதை மேரி கண்ணால் பார்க்கட்டும்.

பன்னிரண்டு முந்தி ஓடும்போதே முணுமுணுப்பு எழுந்தது. பதிமூன்றில் மாலதி குதித்தாள். விளக்கைப் போட்டேன். சனம் கூப்பிட்டது, நான் ஒன்றும் மாட்டவில்லை. மணலை வாரித் திரைமேல் எறிய ஆரம்பித்தார்கள். கேபின் ஓட்டை வழியே பெண்கள் பக்கம் பார்த்தேன். அவள் இடம் காலியாக இருந்தது.

டிக்கெட் கிழிக்கும் பொன்னுவேல் ஓடிவந்தான். “அண்ணே, வெரசா அந்த ரீலப் போடுங்க! கொட்டாயப் பிரிச்சிருவாங்க!”

“மேரி வரலயாடா?”

“மதினி மத்தியானமே கொடைக்கானல் பஸ்ஸுல ஏறிட்டாகளே. கையில லீமா பாப்பா கவுனு இருந்துச்சு. அம்மா வீட்டுக்குப் போறாகன்னு நெனச்சேன். ‘ஆட்டத்துல என்னையக் கூப்பிடச் சொல்லு ஒங்கண்ணன’ன்னு சொல்லிட்டுப் போனாக. எனக்கு ஒண்ணும் புரியலண்ணே.”

அந்த பஸ் பொழுது சாயும் முன்பே மேலே போய்ச் சேர்ந்திருக்கும். இனி மலைக்கு வண்டி கிடையாது.

பன்னிரண்டாம் ரீலைத் திருப்பிச் சுற்றினேன். மாட்டி, விளக்கை அணைத்தேன். திரை முழுக்கப் பனி. இன்னும் யாரும் வரவில்லை. கொட்டகை கூப்பிட்டது. ஓட்டையில் வாயை வைத்து நானும் கத்தினேன்.

“வா மேரி! பிள்ளையக் கூட்டிட்டு வா!”