தொங்கலில் இருக்கும் தொகை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. பக்கத்து வீட்டு இன்ஷிராவின் கைப்பேசியில் ஒரே ஒரு வரியைப் பார்த்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் குறைவு. போதாததற்கு அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதுதான் என் தைரியம்.

அலெக்ஸாந்திரியாவுக்கு வந்து, ஒரு கப்பல் கம்பெனியில் பில் எழுதியே தலை நரைத்தவள் நான். பில்லுக்கு ஒரு முடிவு உண்டு. கீழே கோடு போட்டுக் கூட்டிவிடலாம். கதைக்கும் அப்படித்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அந்த வரி இதுதான்: மர்ஸா மத்ரூஹ் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டலின் பெயர், ஐயாயிரம் பவுண்டு, பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சொல். முஅல்லகா.

2

கதையின் தொடக்கங்களை வரிசையாகத் தருகிறேன். எதையும் அழிக்கவில்லை.

*ராஃபத் சாவியை எடுத்துக்கொண்டு*

(இங்கே நின்றுவிட்டேன். எடுத்துக்கொண்டு என்ன செய்தான்? தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

*மத்ரூஹில் அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிரு*

(வேண்டாம். முதல் வரியிலேயே கடலைக் கொண்டுவந்தால் நீங்கள் அவனை இரண்டாம் வரியில் மூழ்கடித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.)

*தன் பணம் திரும்பி வரக்கூடாது என்று ஒரு பெண் வேண்டிக்கொண்டாள்.*

இது பரவாயில்லை. ஆனால் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிடும். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

இன்ஷிரா மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் ராஃபத் ஏசி மெக்கானிக். குளிர்காலத்தில் இங்கே அவனுக்கு வேலை கிடையாது. கடற்கரை ஹோட்டல்களில் கோடைக்கு முன் இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவார்கள் என்று யாரோ சொல்ல, மத்ரூஹுக்குக் கிளம்பினான். கொடைப் புயல் அடித்த வாரம் அது. (இந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்கும் பேர் வைத்திருக்கிறார்கள். இந்தக் கொடை என்ன கொடுத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.)

அவனிடம் இருந்தது இன்ஷிராவின் கணக்கில் எடுத்த துணைக் கார்டு. அவன் பேரில் இருக்கும். செலவு அவள் கைப்பேசிக்கு வரும். அறை வாடகையை அவன் ரொக்கமாகக் கட்டிவிட்டான். ஆனால் ஹோட்டலில் கார்டையும் வாங்கித் தேய்த்து ஒரு தொகையைப் பிடித்து வைத்தார்கள். உங்களுக்கும் பழக்கம் இருக்கும். அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, நம்மையும் தொடவிடுவதில்லை. அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள்.

மெசேஜ் வந்ததும் இன்ஷிரா அவனைக் கூப்பிட்டாள். நான் அவள் சமையலறையில் முலுகிய்யாக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஸ்பீக்கரில்தான் பேசினார்கள்.

"ஐயாயிரமா? அரண்மனையில எறங்கியிருக்கியா என்ன?"

"நான் கட்டிலைத் தூக்கிட்டு ஓடிருவேன்னு பயப்படறாங்க போல."

"மூஞ்சியைப் பாத்திருப்பாங்க."

"துண்டு நல்லாருக்குடி. உனக்கு ஒண்ணு சுருட்டிட்டு வரவா?"

"ஐயாயிரத்துக்குத் துண்டா? நீ கையை வச்சுகிட்டுச் சும்மா இரு. காலி பண்ணும்போது மறக்காம விடுவிக்கச் சொல்லு, தெரியுதா?"

"சொல்றேன் தாயே, சொல்றேன்."

அவ்வளவுதான். மறுநாள் காலை அறைச் சாவியோடு வெளியே போனான். பை அறையில். கைப்பேசி அணைந்துவிட்டது. பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

4

நாங்கள் இரண்டு பேரும் மத்ரூஹுக்குப் போனோம். காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட அதிகாரி தேநீரில் நாலாவது கரண்டி சர்க்கரையைப் போட்டபடி சொன்னார்: "ஆம்பளைதானம்மா. கோவிச்சுட்டுப் போனவன் பசிச்சா வருவான்."

"அவர் கோவிச்சுக்கல சார். சிரிச்சுகிட்டுத்தான் இருந்தார்" என்றாள் இன்ஷிரா.

"அப்ப இன்னும் சந்தேகம்தான்" என்றார். அறையில் இருந்த இன்னொரு காவலர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹோட்டல் வரவேற்பில் வகீஹ் என்றொருவர். கம்பளிக் கழுத்துத்துணி, ஓயாத இருமல், நல்ல மனுஷர். பையைக் காட்டினார். அறையை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. பை மேசைக்குப் பின்னால் சாமான் அறையில் இருந்தது. போலீஸ் பார்த்துவிட்டது, நீங்கள் எடுத்துப்போகலாம் என்றார்.

இன்ஷிரா பையைத் திறந்தாள். சட்டையை மோந்து பார்த்தாள். மடித்து உள்ளே வைத்து, இழுத்து மூடி, அவரிடமே தள்ளினாள்.

"இங்கயே இருக்கட்டும், உஸ்தாத் வகீஹ். அவர் வந்து கேட்டா என்ன சொல்வீங்க?"

வகீஹ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

5

இப்போது எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம். இன்ஷிரா அசடா? அலுவலகத்தில் ஆயிரம் பேருக்கு மின்கட்டணக் குளறுபடியைத் தீர்த்துவைப்பவள். அவள் போய் இப்படிச் சொல்வாளா:

"காலி பண்ணாத்தானே அக்கா விடுவாங்க? இன்னும் விடல. அப்ப அவர் காலி பண்ணல."

சொன்னாள். நான் இட்டுக்கட்டவில்லை. கட்டடத்தில் ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி அவனை இத்தாலிக்குப் படகேற்றியது. முதல் மாடி அவனுக்கு இன்னொரு பெண்டாட்டியைத் தேடிக் கொடுத்தது. அவர்கள் எல்லாம் கதாசிரியர்கள். என்னைவிட வேகமாக எழுதுகிறவர்கள். இன்ஷிரா மட்டும் கதை சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் வங்கிச் செயலியைத் திறப்பாள். வரி இருக்கும். பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள்.

"அன்னிக்கு வந்த மெசேஜ் உன்கிட்டயே இருக்கே, அது எங்கயும் போகாதே" என்றேன் ஒருநாள்.

"அது பழசு அக்கா. இது தினமும் புதுசு."

ஒருநாள் வங்கிக்குப் போன் போட்டாள். என் முன்னால்தான்.

"அந்தத் தொகையை விட்ராதீங்கம்மா."

அந்தப் பக்கத்துப் பெண் குழம்பிப்போனாள். "புரியல மேடம். விடுவிக்கணுமா?"

"விடக்கூடாது."

"மேடம், ஏன் இன்னும் விடலன்னுதான் எல்லாரும் என்னைத் திட்டுவாங்க. நீங்க..."

"நான் திட்டலம்மா. கெஞ்சறேன்."

பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: ஹோட்டல் விட்டால் போய்விடும், விடாவிட்டாலும் கொஞ்ச நாளில் தானாக உதிர்ந்துவிடும், வங்கியால் பிடித்து நிறுத்த முடியாது. இன்ஷிரா நன்றி சொல்லி வைத்தாள். மரத்திலிருந்து இலை விழுவதைப்பற்றிச் சொல்வதுபோல் 'உதிர்ந்துடுமாம்' என்று என்னிடம் சொன்னாள்.

6

(இடைச்செருகல். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பிற்பாடு என்னைக் குறை சொல்லாதீர்கள்.)

முஅல்லகா. முடிவுக்கு வராத கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி வைத்த பேர். தமிழில் தொங்கல் என்போமே, 'விஷயம் தொங்கல்ல கிடக்கு' என்று, அதே சொல். ஆனால் இங்கே அதற்கு இன்னோர் ஆளும் உண்டு. புருஷன் கூடவும் வாழாமல், விட்டும் விடாமல் போட்டுவைத்திருக்கும் பெண்ணையும் முஅல்லகா என்றுதான் சொல்வார்கள். மனைவியும் இல்லை, விதவையும் இல்லை, விவாகரத்தானவளும் இல்லை.

வங்கிக்காரன் இதை யோசித்திருக்கமாட்டான். ஆனால் ஒவ்வொரு காலையும் அவள் திறந்து வாசித்தது அவள் பேரைத்தான். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. அரபி என்னைவிட அவளுக்குத் தெரியும்.

7

முடிவுகள். மூன்று செய்து வைத்திருந்தேன்.

முதலாவது: ராஃபத் வருகிறான். தோளில் துண்டு. இன்ஷிரா துண்டாலேயே அவனை அடிக்கிறாள். (எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. வாசித்துப் பார்த்தபோது ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை.)

இரண்டாவது: தொலைந்த சாவிக்காக ஹோட்டல் ஐயாயிரத்தையும் எடுத்துக்கொள்கிறது. இன்ஷிராவுக்குப் பரம சந்தோஷம். சாவி இன்னும் அவனிடம் இருக்கிறது என்று ஹோட்டலே கையெழுத்துப் போட்ட மாதிரி. (இது எனக்குப் பிடித்திருந்தது.)

மூன்றாவது

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுவருக்கு அப்பால் அவள் போன் அடித்தது. ஆகவே அது நான் எழுதிய முடிவு இல்லை.

நோன்பு பிறப்பதற்கு முந்தின நாள். கீழே தெருவில் காகிதத் தோரணமும் விளக்கும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது அவள் கதவு திறந்தே இருந்தது. ஸ்பீக்கரில் வகீஹ் இருமிக்கொண்டே பேசினார்.

"நோன்பு வாழ்த்துகள் மேடம். ஒரு நல்ல சேதி. எங்க முதலாளி கால்ல விழாத குறையா பேசி, அந்த ஐயாயிரத்தை விடுவிச்சுட்டேன். சாவிக்குப் பிடிக்கணும்னுதான் நின்னாரு. நான் விடல. நோன்பு மாசம், வீட்டுல ஆம்பளை இல்ல, செலவு இருக்குமேன்னு..."

இன்ஷிராவின் முகத்தை வர்ணிக்க நாலு தடவை முயன்றேன். நாலையும் அடித்துவிட்டேன்.

"அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும், உஸ்தாத் வகீஹ்" என்றாள். குரல் ஆடவில்லை. "இருமலுக்கு எலுமிச்சையும் தேனும் குடிங்க."

போனை வைத்தாள். செயலியைத் திறந்தாள். வரி இல்லை.

எனக்கு ஒன்று தெரியாமல் இருந்தது. பிடித்து வைத்த தொகையை விட்டால், 'திரும்பி வந்தது' என்று ஒரு வரி வரும் என்று நினைத்திருந்தேன். வராது. வாங்கவே இல்லாததைத் திரும்பத் தர என்ன இருக்கிறது? அந்த வரியே காணாமல் போய்விடும். மேல் வரியும் கீழ் வரியும் ஒட்டிக்கொள்ளும். மேலே காய்கறிக்கடை, கீழே மருந்துக்கடை. நடுவில் மத்ரூஹே இல்லை.

அவள் வங்கியைக் கூப்பிட்டாள். இந்தமுறை ஓர் ஆண்.

"தேடிப் பாத்துட்டேன் மேடம். உங்க கணக்குல அப்படி எதுவுமே நடக்கலையே."

"நடந்துச்சு தம்பி."

"பதிவுல ஒண்ணும் இல்ல மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

இன்ஷிரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள் என்று எழுதினால் குறைவு. வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கீழே தோரணம் கட்டியவர்கள் நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். நல்லது செய்யப்போன மனுஷரைத் திட்டவும் முடியவில்லை. அதுதான் இருப்பதிலேயே கொடுமை.

8

அவன் செத்துவிட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தக் காலையில் கடற்கரைப் பாறைகளில் நடந்திருப்பான். புயல் முழுதாக ஓய்ந்திருக்கவில்லை. அல்லது அப்படி இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பத்தியை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லமாட்டேன்.

நேற்று நோன்பு திறந்தபின் வந்தாள். மேசையில் இந்தத் தாள்கள் கிடந்தன. அரபி வாசிப்பதுபோல் வலமிருந்து இடமாகப் புரட்டினாள். கதையின் கடைசிப் பக்கம் அவளுக்கு முதல் பக்கம்.

"என்னைப் பத்திதானே எழுதற?"

நான் மேல் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"மறைக்காத அக்கா. சுவரு மெலிசு. நீ எழுதும்போது தானா பேசிக்கற. ராஃபத், ராஃபத்னு காதுல விழுது. வேற யாரு அவர் பேரைச் சொல்றாங்க இப்ப?"

"கோபமா?"

சிலந்திக்கால் மாதிரி இருக்கிறது உன் எழுத்து என்றாள். பிறகு ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். அது எந்த வரி என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

"இதுல அவர் இப்ப எங்க இருக்காரு?"

"இன்னும் ரூம்லதான்."

"காலி பண்ணலயே?"

"இல்ல."

"அங்கயே வை" என்றாள். "நீயாவது விட்ராத."

9

ஆகவே இப்படி ஒரு நிலைமை. வங்கி விட்டுவிட்டது, ஹோட்டல் விட்டுவிட்டது, பதிவில் ஒன்றும் இல்லை. ராஃபத் அந்த அறையில் தங்கியிருந்ததற்கு இன்று நடப்பில் இருக்கும் ஒரே சாட்சி இந்தக் கதை. இதை நான் முடித்தால் அவன் காலி செய்துவிடுவான்.

தமிழில் எழுதுவதற்கு முதன்முறையாகச் சந்தோஷப்படுகிறேன். நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் வருவதை எச்சம் என்றார்கள். எடுத்து, திறந்து, நடந்து. முற்று வரும்வரை ஒன்றும் முடிவதில்லை. எச்சத்தை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தொங்கவிடலாம். எந்த வங்கியும் அதை உதிர்க்க முடியாது. முதல் நாள் தெரியாத்தனமாக நின்றுவிட்ட இடம் சரியான இடம்தான்.

முற்றை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். வந்தான், போனான், விழுந்தான், எது வேண்டுமானாலும். உங்கள் கையை நான் பிடிக்க முடியாது. நீங்கள் நல்லவர்கள் என்றும் தெரியும், வகீஹும் நல்லவர்தான். ஆனால் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தி விடியலில் எழுந்து என் கதவைத் தட்டுவாள், இன்னும் இருக்கிறாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள், நான் பதில் சொன்னபிறகுதான் போய் அடுப்பைப் பற்றவைப்பாள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ராஃபத் சாவியை எடுத்துக்கொண்டு